குரங்கும் டி டிரைவும்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, புதிதாகப் பூட்டிய எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இருந்து கணினி எழும்பியது. பேக்கப்பில், அதாவது காப்புப் பிரதியில், இருந்து மீட்டது. போட்டோஷொப்பைத் திறந்து, போன மாதம் செய்த நினைவு மலர் ஒன்றைத் திறந்தேன். எழுத்து ஒன்றும் குழம்பாமல் வந்தது. பெப்ரவரியில் தொடங்கிய பேக்கப் வேலை ஓகஸ்டில்தான் முடிந்திருக்கிறது. இடையில் சரியாகச் செய்தவற்றை விடப் பிழையாகச் செய்தவைதான் கூட. மறக்க முதல் எழுதி வைக்கிறேன்.

திருகோணமலைப் பாலையூற்றில் வீட்டு முன் அறைதான் என் கடை. கல்யாண அழைப்பிதழ், சாமத்தியவீட்டு அல்பம், கோயில் திருவிழா நோட்டீஸ், இவை எல்லாவற்றையும் விடக் கல்வெட்டு. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன், 31ஆம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் இங்கே கல்வெட்டு என்போம். வடிவமைப்பு மட்டும் என்னுடையது, அச்சு வெளியில். கணினி 2019இல் பூட்டியது. சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி. டி டிரைவ் அதைவிடப் பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க், 2016இல் வாங்கியது. தொழில் முழுக்க அந்த டியில்தான் இருந்தது.

பேக்கப் இருந்ததா என்றால், இருந்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ ஒரு பென் டிரைவில் சிலதை இழுத்துப் போடுவேன். எது சிலது என்பதற்குக் கணக்கு இல்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முன்பகல் பதினொன்றரை மணி அளவில் நாடு முழுக்க மின்சாரம் போனது. உபமின்நிலையம் ஒன்றுக்குள் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொல்ல, ஊரெல்லாம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் 24 பக்கக் கல்வெட்டு ஒன்றைச் சேமித்துக்கொண்டிருந்தேன். யூபிஎஸ் ஒரு தடவை 'கீ' என்று கத்திவிட்டு அடங்கியது. அதன் பட்டறியைக் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று நினைவில்லை என்பதுதான் உண்மை. குரங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

பின்னேரம் கரண்ட் வந்ததும் கணினியைப் போட்டேன். சி வந்தது. டியைச் சொடுக்கினால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. ஆறேழு நிமிடத்துக்குப் பிறகு, டிரைவில் பிழை இருக்கிறது, சரிபார்க்கட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன்.

முதல் பிழை அதுதான். செக்டிஸ்க் என்ற அந்தச் சரிபார்ப்புக் கருவி கோப்பு முறைமையை (எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணையை) ஒழுங்குபடுத்தும், நம் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. சாகக் கிடக்கிற டிஸ்கில் அதை ஓட விட்டால், மிச்சம் இருக்கிற உயிரையும் அதுவே குடித்துவிடும். மூன்று மணி நேரம் ஓடியது. முடிந்தபோது '2021 கல்வெட்டு' என்ற போல்டர் இல்லை. அதற்குப் பதில் 'பவுண்ட்.000' என்று ஒரு போல்டரும், அதற்குள் சிஎச்கே என்று முடியும் நூற்றுக்கணக்கான கோப்புகளும் இருந்தன. எது யாருடையது என்று ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கிறிஸ்டல்டிஸ்க்இன்போவை இறக்கிப் பார்த்தேன். இலவசம், சின்னது, ஒரு நிமிடத்தில் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். மஞ்சள் பெட்டி, எச்சரிக்கை. சி5 என்ற வரியில், அதாவது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கையில், 68 என்று இருந்தது. பரவாயில்லை என்று நினைத்தேன். அந்த எண்ணை அது பதினாறின் அடியில் காட்டுகிறது, அதாவது ஆறு பதினாறும் எட்டும், என்று பிறகுதான் தெரிந்தது. உண்மையில் 104. மறுநாள் பார்க்க இன்னும் கூடியிருந்தது.

டவுனில் 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று வாங்கினேன், 19,500 ரூபா. போட்டோரெக் என்ற கோப்பு மீட்கும் மென்பொருளை ஓட விட்டேன். அது கோப்பின் பெயரையோ போல்டரையோ பார்ப்பதில்லை. டிஸ்கின் மேற்பரப்பில் ஒரு ஜேபெக் எப்படித் தொடங்கும், ஒரு பிஎஸ்டி (போட்டோஷொப் கோப்பு) எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து அள்ளிக்கொண்டு வரும். அதனால் வருகிறவற்றுக்குப் பெரும்பாலும் பெயர் எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு இலக்கமும்தான். 11 மணி நேரம் ஓடி 41,000 படம் தந்தது. அதில் பாதி நகம் அளவு சின்னப் படங்கள்.

அந்த 41,000க்குள் எனக்கு ஒன்று கட்டாயம் வேண்டியிருந்தது. மூதூரில் இருந்து ஒரு அக்கா கொண்டுவந்த கல்யாணப் படம். 2004 சுனாமியில் நனைந்து, மாப்பிள்ளையின் தோள்பட்டையில் இருந்து கீழே எல்லாம் கரைந்துபோனது. 2021இல் அவருடைய அம்மாவின் கல்வெட்டுக்காக ஸ்கேன் பண்ணி ஐந்தாறு நாள் இருந்து திருத்தினேன். அந்தத் திருத்திய படத்தைப் பெரிதாக அடித்துச் சுவரில் மாட்டப் போவதாகச் சொல்லி, மார்ச்சில் வந்து வாங்குகிறேன் என்று போனவர் அவர். மனைவி மூன்று இரவு உட்கார்ந்து சின்னப் படங்களாக உருட்டிக்கொண்டே போனார். மூன்றாம் நாள் ஒரு மணி இருக்கும். "என்னப்பா, இந்தத் தலைப்பாகைதானே?" அதேதான். பிஎஸ்டி இல்லை, ஜேபெக். அதுவே போதும்.

மற்றபடி 2021இல் செய்த கல்வெட்டு முப்பத்தொன்றில் ஒன்பதுதான் திறக்கக்கூடிய நிலையில் கிடைத்தன.

அடுத்தது, இனி என்ன செய்வது. கேட்ட ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு மென்பொருள் பெயர் சொன்னார்கள். பெயர்களை விட்டுவிட்டு ஒரு சிஆர் கொப்பியை (தடித்த அட்டைக் கொப்பி) எடுத்து என்னிடம் என்ன இருக்கிறது என்று எழுதினேன். புது டி டிரைவில் (1 டிபி, 16,500 ரூபா) மீட்டுப் போட்ட பிறகு மொத்தம் கிட்டத்தட்ட 150 ஜிபி. வாடிக்கையாளர் படங்கள் 96, முடிந்த வேலைகள் 41, மாதிரிகள் 11. கணக்கு 40 எம்பி. சியில் விண்டோஸும் மென்பொருள்களும் சேர்த்து 80 ஜிபி.

அதற்குக் கீழே இரண்டு கேள்வி. நேற்று பிழையாக அழித்த ஒரு கோப்பு இன்றைக்கு வேண்டுமென்றால் எப்படி எடுப்பது? கணினியே எரிந்துபோனால் எத்தனை நாளில் திரும்ப வேலை தொடங்கலாம்? இந்த இரண்டுக்கும் ஒரே மென்பொருள் பதில் சொல்லாது என்று விளங்க எனக்கு நாலு மாதம் பிடித்தது.

முதலில் இணையம். கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், காசு கொடுத்தால் கூடத் தருவார்கள். ஆனால் வீட்டு 4ஜி இணைப்பில் பின்னேரத்தில் ஏற்றும் வேகத்தை அளந்தேன், விநாடிக்கு 4 மெகாபிட். 150 ஜிபியை அந்த வேகத்தில் ஏற்ற 83 மணி நேரம், இடைவிடாமல் மூன்றரை நாள். டேட்டா முடிந்து, மழைக்குச் சிக்னல் போய், திரும்பத் தொடங்கி என்று கணக்குப் பார்த்தால் ஒரு மாதம். இன்னொன்று, அது அடிப்படையில் ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக்கூடையில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கண்டுபிடித்தால் உண்டு. அதனால் 'இப்போது நடக்கும் வேலை' என்ற ஒரே ஒரு போல்டரை, கூடினால் 6 ஜிபி, அங்கே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அந்த ஏற்பாடு இன்னும் இருக்கிறது.

விண்டோஸோடு வருகிற பைல் ஹிஸ்ட்ரியை மார்ச்சில் போட்டேன். மணிக்கொரு தடவை மாறிய கோப்புகளைப் பிரதி எடுக்கும். ஒரு கோப்பின் நேற்றைய வடிவம், முந்தாநாளைய வடிவம் என்று எடுத்துத் தரும். மிக நல்லது. இரண்டு கிழமை நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு நாள் பழைய வடிவம் ஒன்று தேவைப்பட்டுத் திறந்தால், டி டிரைவில் இருந்து ஒன்றுமே அங்கே இல்லை. டெஸ்க்டொப்பும் டொக்யுமென்ட்ஸும் அழகாக இருந்தன. நான் அங்கே எதுவும் வைப்பதே இல்லை. டியில் உள்ள போல்டர்களை நாமே சேர்க்க வேண்டும். அதை நான் வாசிக்கவில்லை. இயங்குகிறது என்று திரையில் வந்ததை வாசித்தேன், எதை எடுக்கிறது என்று பார்க்கவில்லை.

அப்புறம் ரோபோகொப்பி, கோப்புகளைப் பிரதி எடுக்கும் விண்டோஸ் கட்டளை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதி, ஒரு பாட்ச் கோப்பில் (கட்டளைகளை எழுதி வைக்கும் கோப்பு) போட்டு, இரவு பத்து மணிக்கு ஓடும்படி வைத்துவிட்டால் முடிந்தது. விண்டோஸ் விஸ்டா காலத்தில் இருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, காசு இல்லை, பிரதிகளை எந்தக் கணினியிலும் அப்படியே திறக்கலாம். எனக்கு இது பிடித்துப்போனது. அந்தப் பிரியத்தில்தான் இரண்டு தடவை விழுந்தேன்.

முதல் தடவை சின்னது. பில் போடும் மென்பொருளை மூடாமல் படுத்துவிட்டேன். அதன் டேட்டாபேஸ் கோப்பு பூட்டுப்பட்டுக் கிடந்தது. காலையில் பார்த்தால் ரோபோகொப்பி அந்த ஒரே கோப்புக்கு முன்னால் நின்று, 30 விநாடி காத்திருக்கிறேன், மறுபடி முயல்கிறேன் என்று இரவு முழுக்க எழுதிவைத்திருந்தது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது ஒரு கோப்புக்குப் பத்து லட்சம் தடவை முயலும், ஒவ்வொரு தடவைக்கும் இடையில் 30 விநாடி. கணக்குப் போட்டேன், 347 நாள். கட்டளையோடு சேர்த்து எழுதும் ஆர் என்ற சுவிட்சையும் டபிள்யூ என்ற சுவிட்சையும் 1, 1 என்று கொடுத்தால் ஒரு தடவை முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போகும்.

இரண்டாவது சின்னது இல்லை. எம்ஐஆர் என்று ஒரு சுவிட்ச், கண்ணாடி மாதிரி. மூலத்தில் இருப்பதெல்லாம் பிரதியிலும் இருக்கும், மூலத்தில் இல்லாதது பிரதியில் இருந்தும் போய்விடும். சுத்தமாக இருக்கிறதே என்று அதைப் போட்டிருந்தேன். என்னோடு தட்டச்சு வேலை செய்கிற தம்பி ஒரு சனிக்கிழமை இடம் பிடிக்கிறது என்று 'பழைய மாதிரிகள்' போல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிவிட்டார். 11 ஜிபி. இரவு பத்து மணிக்கு என் பாட்ச் கோப்பு சொல்பேச்சுத் தப்பாமல் ஓடி, பேக்கப்பிலும் அதை அழித்தது. திங்கட்கிழமை ஒருவர் 2018இல் அடித்த அழைப்பிதழையே தங்கைக்கும் வேண்டும் என்று வந்து நின்றார்.

"அண்ணா, நீங்கள்தானே பேக்கப் இருக்கு எண்டு சொன்னீங்கள்?"

தம்பி கேட்டதில் பிழை இல்லை. நான் வைத்திருந்தது இரண்டாவது டி டிரைவ். முதலாவதில் நடக்கிற பைத்தியக்காரத்தனம் எல்லாம் இரவு பத்து மணிக்கு அதிலும் நடக்கும். மாதிரிகளைக் கடைசியில் காப்பாற்றியது லாச்சிக்குள் கிடந்த அந்தச் செத்த டிஸ்க்தான். தூக்கி எறியாமல் வைத்திருந்தேன். பூட்டிப் பார்க்க, முனகிக்கொண்டே ஒன்பது ஜிபி தந்தது.

இதற்கிடையில் ஒரு நாள் மனைவியின் மடிக்கணினியில் கல்வெட்டுக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன், என் கணினி போனால் அதில் வேலை செய்யலாமா என்று. கோப்பு திறந்தது. ஆனால் அங்கே பாமினி எழுத்துரு இல்லை. அம்மா என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. பாமினியில் தட்டியதெல்லாம் உள்ளே ஆங்கில எழுத்துதான், மேலே போட்ட சட்டைதான் தமிழ். எழுத்துருக்கள் இருப்பது சியில், விண்டோஸ் போல்டருக்குள். நான் இவ்வளவு நாளும் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது டியை மட்டும். சட்டை இல்லாமல் ஆளை மட்டும் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறேன். எழுத்துருவாவது கேட்டு வாங்கலாம். போட்டோஷொப்பில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த அக்ஷன்கள், பிரஷ்கள், அச்சகத்தின் வண்ண அமைப்பு, எல்லாமே சியில்தான்.

அன்றைக்குத்தான் இரண்டாவது கேள்விக்கு முழுக் கணினியின் படிமம் (விண்டோஸோடு சேர்த்து உள்ளபடியே ஒரு பிரதி) எடுக்கிற மென்பொருள் வேண்டும் என்று முடிவானது.

பழைய ஆட்கள் எல்லாரும் சொன்ன பெயர் மக்ரியம் ரிஃப்லெக்ட். அதன் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு கைவிடப்பட்டுவிட்டது. பழைய பிரதி கிடைக்கிறது என்றார்கள். பேக்கப் மென்பொருளைத் தெரியாத இடத்தில் இருந்து இறக்குவதை விடப் பேக்கப் இல்லாமலே இருக்கலாம். இன்னும் இரண்டைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் காசு கட்டச் சொல்லி ஜன்னல் திறந்தது, மூடிவிட்டேன். ஒன்று கவனியுங்கள், வீட்டுப் பாவனைக்கு மட்டும்தான் இலவசம், தொழிலுக்கு இல்லை என்று உரிமத்தில் எழுதியிருக்கும் மென்பொருள்கள் உண்டு. நான் வீட்டில் இருந்து தொழில் செய்கிறவன். முன் அறை எந்தப் பக்கம் சேரும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் நின்றது வீம் ஏஜென்ட், இலவசப் பதிப்பு. பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்கிறவர்கள், அதனால் திரை கொஞ்சம் வரட்டுத்தனமாக இருக்கும். இலவசத்தில் ஒரே ஒரு வேலைதான் வைக்கலாம். அந்த ஒன்றை முழுக் கணினிக்கும் வைத்தேன். எனக்குப் பிடித்தது இரண்டு அமைப்பு. ஒன்று, பேக்கப் டிஸ்கைச் செருகியதும் தானே தொடங்கும்படி வைக்கலாம். மற்றது, முடிந்ததும் டிஸ்கைத் தானே கழற்றிவிடும்படி வைக்கலாம். கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் வந்தாலும், கழன்ற டிஸ்கை அது தொட முடியாது. என் வேலை பின்னேரம் ஆறு மணிக்கு வயரைச் செருகுவது மட்டும். பில் மென்பொருள் திறந்திருந்தாலும் பரவாயில்லை, விண்டோஸின் ஒரு கண நேர நிழற்பிரதியில் இருந்து எடுக்கிறது.

முதல் முழுப் பேக்கப் 230 ஜிபி. கணினியின் முன் பக்கத்துத் துளையில் செருகினேன், 1 மணி 50 நிமிடம். பிறகுதான் உள்ளே பார்த்தேன், அந்தத் துளையின் நாக்கு கறுப்பு, யூஎஸ்பி 2. பின்னால் நீல நாக்குள்ள துளை இரண்டு சும்மா கிடந்தன. அதில் போட்டு முதலில் இருந்து ஓட விட்டேன், 38 நிமிடம். அதே டிஸ்க், அதே வயர். இப்போது தினமும் மாறியதை மட்டும் எடுக்கிறது, ஆறு ஏழு நிமிடம். அல்பம் செய்த நாளென்றால் பதினைந்து. 14 நாள் பின்னால் போகலாம். வாடிக்கையாளர் படங்கள் இருப்பதால் கடவுச்சொல் போட்டேன். அதை மறந்தால் பேக்கப்பும் போச்சு, ஆகவே சிஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் என் அக்கா வீட்டிலும் எழுதி வைத்திருக்கிறது.

மே மாதம் இங்கே நிறுத்தியிருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பேன். பைல் ஹிஸ்ட்ரியில் பட்ட சூடு மறக்கவில்லை. மீட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை என்று 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன், 11,000 ரூபா. பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அது செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குவது. வேலை நெருக்கத்தில் தள்ளித் தள்ளி, போன வெள்ளிக்கிழமைதான் கைவைத்தேன்.

படிமத்தில் இருந்து மீட்பதற்கு மீட்புப் பென் டிரைவ் ஒன்று வேண்டும். கணினி அதில் இருந்துதான் எழும்பும். மே மாதமே செய்து லாச்சியில் போட்டிருந்தேன். செருகி, எஃப்11ஐ அழுத்தி (போர்டுக்குப் போர்டு இந்த விசை மாறும்) பார்த்தால், பட்டியலில் அது இல்லவே இல்லை. மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன். உள்ளே அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ், நாலு பக்கம், அச்சுக்குத் தயார். தம்பி சும்மா கிடந்த பென் டிரைவ் என்று ஃபோர்மட் பண்ணி அச்சகத்துக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறார்.

உண்மையிலேயே எஸ்எஸ்டி செத்திருந்தால் அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பழையதைத் திரும்பப் பூட்டி, புதிதாக இரண்டு பென் டிரைவில் மீட்பு செய்தேன். இரண்டின் தலையிலும் மனைவியின் சிவப்புக் கியூட்டெக்ஸ் பூசியிருக்கிறது. சிவப்புத் தலை உள்ளதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று தம்பிக்குச் சொல்லியும் இருக்கிறது.

நேற்று இரண்டாம் முறை. எழும்பியது. சி மட்டும் மீட்டேன், 20 நிமிடம். விண்டோஸ் வந்தது, கையும் காலும் துள்ளியது. பிறகு பார்த்தால் 480 ஜிபி எஸ்எஸ்டியில் சி இன்னும் பழைய 240 அளவிலேயே நிற்கிறது. மிச்ச இடம் பின்னால் சும்மா கிடக்கிறது. பெருப்பிக்கலாம் என்றால் அந்தக் கட்டளை சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாது. சிக்கும் காலி இடத்துக்கும் நடுவில் விண்டோஸின் மீட்புப் பகிர்வு (டிஸ்கில் தனியாகப் பிரித்த ஒரு பகுதி) ஒன்று வேலி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வளவு காலியாக இருந்தாலும் நடுவில் ஒருவர் காணி இருந்தால் எப்படி மதிலைத் தள்ளுவது? வேறு கருவிகளால் நகர்த்தலாம், நான் அந்த இடத்தில் விளையாட விரும்பவில்லை. மறுபடி மீட்பில் இருந்து எழும்பி, மீட்கும்போதே பகிர்வின் அளவை மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்து, திரும்ப 20 நிமிடம். அதுதான் பதினொன்றரை.

இந்தப் படிமத்துக்கும் ஒரு எல்லை உண்டு. என் கணினியின் புரொசசர் இன்டெல் 7ஆம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குக் கடைசி நாள் 2025 ஒக்டோபர் 14. புதுக் கணினி வாங்கினால் இந்தப் படிமத்தை அதில் போடுவது புத்திசாலித்தனம் இல்லை, கோப்புகளை மட்டும்தான் எடுப்பேன்.

அதனால்தான் ரோபோகொப்பியைக் கைவிடவில்லை. இரண்டாவது போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று, அதே 19,500, அதில் டியும் எழுத்துருப் போல்டரும் மட்டும், எம்ஐஆர் இல்லாமல். அழித்தவையும் பெயர் மாற்றியவையும் அதில் குவிந்துகொண்டே போகும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கையால் துப்புரவாக்கலாம். அதைத் திறக்க எந்த மென்பொருளும் வேண்டாம், எந்தக் கடையிலும் செருகி வேலை எடுக்கலாம். வீம் நாளைக்கு இலவசத்தை நிறுத்தினாலும் கவலை இல்லை.

அந்த டிஸ்க் வீட்டில் இருப்பதில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் எங்களுக்கு வடக்கே கரை கடந்தபோது, முன் அறையில் ஓடு விலகிக் கணினி மேசைக்கு மேலேயே ஒழுகியது. கணினியைக் கட்டிலில் ஏற்றிப் போர்வையால் மூடினேன். பென் டிரைவ் எங்கே இருந்தது? அதே மேசை லாச்சியில். ஆகவே இந்த டிஸ்க் உவர்மலையில் அக்கா வீட்டில். வெள்ளிக்கிழமை எடுத்து வந்து, ஓட விட்டு, அன்றைக்கே திரும்பக் கொண்டுபோய் வைப்பது. இரண்டு டிஸ்கும் பழைய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிகளில், சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. இங்கே உப்புக் காற்றில் யூஎஸ்பி முனை ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும். கச்சான் காற்று வீசுகிற இந்த மாதங்களில் இன்னொரு தொல்லை, மத்தியானத்தில் போர்ட்டபிள் டிஸ்க் 51 பாகை காட்டியது. ஆறு மணிக்கு மாற்றியதற்கு அதுதான் காரணம். இப்போது 42க்கு மேலே போவதில்லை.

செலவு: போர்ட்டபிள் இரண்டு 39,000, உள் டிஸ்க் 16,500, எஸ்எஸ்டி 11,000, பென் டிரைவ்கள் 1,500, யூபிஎஸ் பட்டறி 5,800. மொத்தம் 73,800 ரூபா. மென்பொருளுக்கு ஒரு சதமும் இல்லை. இதில் 5,800ஐ மட்டும் போன வருடம் செலவழித்திருந்தால் அந்த ஞாயிறு இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டியதில்லை. 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பட்டறி, நாலு ஆணி கழற்றி நானே மாற்றினேன். மாற்றிய திகதியை மார்க்கரால் அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறேன்.

திரும்பச் செய்வதென்றால், டிஸ்க் முனகத் தொடங்கிய அன்றே செக்டிஸ்க்குக்குச் சரி சொல்லாமல், பழுதான டிஸ்கைப் பிரதி எடுக்கும் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளால் முழுப் பிரதி ஒன்று எடுத்து, பிரதியில்தான் கைவைப்பேன். மீட்பு ஒத்திகையை முதல் மாதத்திலேயே செய்வேன், ஆறாம் மாதத்தில் இல்லை. சிவப்புக் கியூட்டெக்ஸை முதல் நாளே பூசுவேன்.

ஒன்று இன்னும் சரிவரவில்லை. போன மாதம் அக்காவின் மகன் தொலைபேசி எடுத்தார்.

"மாமா, உங்கட டிஸ்கை டிவியில போட்டன். படம் ஒண்டும் இல்லையே. ஃபோர்மட் பண்ணட்டா எண்டு கேக்குது, பண்ணட்டா?"

நான் போட்ட சத்தம் உவர்மலைக்குத் தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். பெட்டியின் மேல் இப்போது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. அக்காவோ அதை நம்பாமல் டிஸ்கைத் தன் சேலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை போனால் முதலில் தேத்தண்ணி குடிக்க வேண்டும், ஊர்ப் புதினம் முழுக்கக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சாவி வரும்.